கிளீனர் உட்காரும் இடம்

நேராகப் போகிற லாரியால் எனக்கு அதிகம் தொல்லை வந்ததில்லை. என் சர்வீஸில் வந்த தலைவலிகளில் முக்கால்வாசி திரும்புகிற லாரியால் வந்தவை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், பிரேக்கைச் சோதிப்பது எப்படி, ஸ்டீயரிங் ஆட்டத்தை அளப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, நான் சொல்வதைவிட நன்றாகவே இருக்கிறது. நான் சொல்லப்போவது நான் எழுதிய ஒரு தப்பான ரிப்போர்ட்டைப் பற்றி. மொத்தம் மூன்று வரிதான். அந்த மூன்று வரியால் ஒரு டிரைவருக்கு லைசென்ஸ் போனது. ஜெயிலும் வாசல்வரை வந்துவிட்டது.

உங்கள் நியமன உத்தரவில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று போட்டிருக்கும். அதை மடித்துப் பெட்டியில் வையுங்கள். ஊரில் நம்மை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். லாரிக்காரர்கள் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மறுபடி தமிழ். இது நடந்தபோது சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொள்ளேகால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சென்னை ராஜ்யத்திலிருந்து மைசூரோடு வந்து சேர்ந்திருந்தது. கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்து டிரைவர்களுக்கு, தமிழ் பேசுகிற ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்பதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் விழுந்த உயரம் உங்களுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், செங்கல் ஏற்றிய ஒரு லாரி தெருமுனைக் கல்லில் ஏறி ஒரு பூக்கடையைச் சாய்த்தது. நல்லவேளை, கடையில் ஆள் இல்லை. கல்லைவிட்டு நன்றாகத் தள்ளித்தான் போனேன் என்று டிரைவர் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. சுண்ணாம்புப் பொடி வாங்கி வந்து ரோட்டில் தூவி, அதே லாரியை அதே மாதிரி திருப்பச் சொன்னேன். முன் சக்கரத்தின் தடம் கல்லைவிட்டு ஒரு முழத்துக்கு மேல் தள்ளி விழுந்தது. பின் சக்கரத்தின் தடம் கல்லை உரசிக்கொண்டு விழுந்தது. டிரைவர் சொன்னதும் நிஜம், கல்லில் ஏறியதும் நிஜம். நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் வழியில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். இது உங்களுக்குப் பால பாடம். எனக்கு அன்று அமெரிக்காவைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து லைசென்ஸுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே பாடம் நடத்தினேன். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கு, அகலமாக எடு, பிறகு திருப்பு என்பேன். ஆபீஸில் எனக்கு ‘மூலெ மேஷ்ட்ரு’ என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் முனை வாத்தியார் என்று அர்த்தம். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்கும் மில்லுக்கும் ஆட்கள் போகிற நேரத்தில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கொள்ளேகாலிலிருந்து நரசீபுரம் வழியாகக் கடலை மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று மண்டித் தெருவுக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடப்பக்கம் கூடவே வந்த சைக்கிள்காரர் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். நான் போய்ச் சேரும்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சைக்கிள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

டிரைவர் பெயர் மாதேசன். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும். லாரியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இன்று அவர் என்று எழுதுகிறேன். அன்று நீ, வா, போ என்றுதான் பேசினேன். காக்கிச் சட்டை போட்ட யாரும் அந்தக் காலத்தில் லாரி டிரைவரிடம் வேறு மாதிரி பேசியதில்லை.

அந்தக் காலத்து லாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்னால் நீண்ட பானெட், அதற்குப் பின்னால் நம் ஊர்த் தச்சர்கள் மரப்பலகையில் கட்டிய கேபின். பின்னால் வருகிறதைப் பார்க்கிற கண்ணாடி டிரைவர் பக்கம் மட்டும்தான் இருக்கும். இடப்பக்கத்துக்குக் கண்ணாடி கிளீனர்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, கதவில் உள்ளங்கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். கிளீனர் என்றதும் சின்னப் பையனை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த லாரியின் கிளீனர் மாதேசனைவிட மூத்தவர், அதே ஊர்க்காரர்.

கிளீனர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். மூட்டை சரிகிற மாதிரி இருந்தது, அதைப் பார்க்க மேலே ஏறியிருந்தார் என்றார் மாதேசன். இடப்பக்க சீட்டில் யாரும் இல்லையா என்றேன். இல்லை என்றார். அதை எழுதிக்கொண்டேன். மூட்டைகளின் மேல் கயிறு விறைப்பாகக் கட்டியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். விறைப்பாகக் கட்டிய மூட்டை எப்படிச் சரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிற கை எழுதிக்கொண்டே போகும், புத்தி மெதுவாகப் பின்னால் வரும்.

அங்கேயே சோதித்துவிடலாம் என்று லாரியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி அதே மாதிரி திருப்பச் சொன்னேன். மாதேசன் ஸ்டீயரிங்கைத் தொடத் தயங்கினார். பரவாயில்லை, மெதுவாக ஓட்டு என்றேன். ஒரு போலீஸ்காரரைச் சைக்கிளில் இடப்பக்கம் கூட வரச் சொல்லிவிட்டு, நான் வழக்கம்போல டிரைவருக்குப் பக்கத்தில், இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நாம் எல்லோரும் அங்கேதானே உட்காருகிறோம். ஓட்டுகிறவன் ஓட்டுகிற இடத்தில், சோதிக்கிறவன் பக்கத்தில். லாரி திரும்பி முடியும்வரை போலீஸ்காரர் என் கண்ணில் இருந்தார். கடைசியில் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வந்தபோது அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்து ஓடியதுகூடத் தெரிந்தது.

ரிப்போர்ட் எழுதினேன். வண்டியில் குறை எதுவும் இல்லை. சைக்கிளில் வருபவர் திருப்பம் முடியும்வரை கேபினிலிருந்து தெளிவாகத் தெரிகிறார். விபத்துக்குக் காரணம் டிரைவரின் கவனக்குறைவு. அன்று மாலையே மேலதிகாரியின் மேஜைக்குப் போயிற்று. சுருக்கமாகவும் சீக்கிரமாகவும் எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். மாதேசனின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டோம். போலீஸ் கேஸ் போட்டது. சைக்கிள்காரருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டதால் கேஸ் பெரிதாயிற்று. தண்டனை ஜெயில்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோர்ட்டுக்குக் கொடுக்கிற வரைபடத்தில் சைக்கிள் எந்த இடத்தில் வந்தது என்று குறிக்க வேண்டியிருந்தது. சைக்கிள்காரர் பெயர் சென்னப்பா. சாயப்பட்டறையில் வேலை செய்தவர், கன்னடக்காரர். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னார். லாரி வலப்பக்கம் ஒதுங்கியதும் வழி விடுகிறது என்று நினைத்து இடப்பக்கம் நுழைந்திருக்கிறார். நான் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த ஒதுங்கல்! எனக்கு அது உறைக்கும் முன்பே அவர் அடுத்ததைச் சொன்னார். லாரி தன் பக்கம் சாய்ந்து வந்தபோது கொஞ்சம் பயம் வந்ததாம். ஆனால் கேபினில் இருந்தவர் தன்னைப் பார்த்துவிட்டதால் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று தைரியமாக மிதித்தாராம்.

“நன்னே நோடித்ரு சார். நானூ அவர்ன நோட்தெ” என்றார். என்னையே பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன் என்று.

யார் பார்த்தது, டிரைவரா என்று கேட்டேன். இல்லை, இந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்த பெரியவர் என்றார். கறுப்புக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு தோல் பை. கிளீனர் யாரும் கறுப்புக் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மண்டிக்குப் போனேன். அதே லாரி அங்கே நின்றுகொண்டிருந்தது, வேறு டிரைவர் ஓட்டி வந்திருந்தார். லைசென்ஸ் இல்லாத மாதேசன் அந்த லாரியிலிருந்தே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. ஏன் என்று தெரியாது, வலப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். லாரி ஓட்ட எனக்குத் தெரியும், பரீட்சைக்காக ஓட்டிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது வெறும் மைதானம். இடப்பக்கம் பார்க்க அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில், தெருவில் நிற்கிற ஒரு லாரியின் டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பானெட்டின் பாதி தெரிந்தது. கதவுப் பலகை தெரிந்தது. ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரின் மேல் பாதியும் ஓட்டுக் கூரையும் தெரிந்தன. மண்டிக் கூலி ஒருவரைச் சைக்கிளோடு அந்தப் பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். “நின்னுட்டேன் சாமி” என்று குரல் வந்தது, ஆள் வரவில்லை. கொஞ்சம் முன்னால் வா என்றேன். வந்துவிட்டேன் என்றார். இன்னும் வா, இன்னும் வா என்று சொல்லிச் சொல்லி, பானெட்டைத் தாண்டி வந்த பிறகுதான் அவர் தலையில் கட்டியிருந்த துண்டு தெரிந்தது. தெளிவாகத் தெரிகிறார் என்று எழுதியிருந்தேனே, அது எனக்குத் தெரிந்தது. ஓட்டியவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் சுண்ணாம்புப் பொடி தூவி அளந்து வைத்திருந்த சுரைக்காய் அப்படித்தான் ஆயிற்று. சக்கரம் எங்கே போகிறது என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். கண் எங்கே போகிறது என்று நான் பார்த்ததே இல்லை.

மாதேசன் முதுகில் மூட்டையோடு வந்து, நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். இறங்கி வந்து, அன்றைக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். சென்னப்பா சொன்னதைச் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆளுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எடுத்துவிட்டார்கள் என்றேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பிறகு அவராகவே சொன்னார்.

“வாத்தியாருங்க. பெரிய வாத்தியாரு. மொதலாளி ஏத்தி உட்டாருங்க. அவரப் போயி மூட்டை மேல ஏறுங்கன்னு சொல்ல முடியுங்களா? கிளீனரத்தான் மேல போகச் சொன்னேனுங்க.”

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. மண்டி முதலாளி கொள்முதலுக்காகக் கொள்ளேகால் போயிருக்கிறார். மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், திங்கட்கிழமை முதல் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போக வேண்டும். தெரிந்தவர், மரியாதைப்பட்டவர் என்று முதலாளி தன் லாரியில் அனுப்பிவைத்தார். இது அந்த ஊர்களில் சாதாரணமாக நடப்பது. பெரிய மனிதர் வந்தால் அவருக்கு முன் சீட்டு. முன் சீட்டு என்பது கிளீனர் சீட்டு. கிளீனர் மூட்டை மேலே போவார். ஒரு மரியாதையைச் செய்வதற்காக லாரி தன் இடது கண்ணை மூடிக்கொள்ளும். விபத்து நடந்ததும் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார், மண்டியிலிருந்து டெலிபோனில் சேதி போனதும் முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. சரக்கு லாரியில் ஆள் ஏற்றியது தெரிந்தால் பெர்மிட் போய்விடும், வாத்தியார் பேரும் கெடும், நீ வாயைத் திறக்காதே, வக்கீல் நான் வைக்கிறேன் என்று, ஆபீஸிலிருந்து நான் வருவதற்குள் மண்டி ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார்.

அதற்காக ஜெயிலுக்குப் போகிறாயா, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமாகக் கேட்டேன். அதற்கு மாதேசன் சொன்னதை நான் மறக்கவில்லை.

“நீங்களே அந்தப் பக்கம் உக்காந்து பாத்துட்டு, தெரியுதுன்னு எழுதிட்டீங்க. எனக்குத் தெரியலீங்கன்னு நான் சொன்னா ஆருங்க நம்புவாங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தின் பேரைக் கேட்டதும் தலைமை ஆசிரியர் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சர்ச்சில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர். நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தவர். அவர் பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“பார்த்தேன் தம்பி. அவனும் பார்த்திருப்பான்னுதான் நினைச்சேன். வண்டி ஓட்டறவனுக்கு நான் போய் என்ன சொல்றது? அவன் வேலை அவனுக்குத் தெரியாதா?”

அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் கையை அசைத்தாலும் கண்டுபிடிக்கிறவர் அவர். சைக்கிள்காரரை அவர் கண் பார்த்தது. ஆனால் தான் உட்கார்ந்திருப்பது பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற நல்ல பழக்கம் அன்று ஒருவருடைய காலை எடுத்துவிட்டது. அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியை இரண்டு பேரும் குடிக்கவில்லை. கிளம்பும்போது, பெயரைப் போடாமல் எழுத முடியுமா தம்பி என்று கேட்டார்.

வழியெல்லாம் முடியுமா என்றுதான் யோசித்தேன். டிரைவருக்குத் தெரியாது என்று மட்டும் எழுதலாம். ஆனால் அதோடு நின்றால், தெரியாத பக்கம் கிளீனர் இல்லாமல் திருப்பியது யார் தப்பு என்று அரசு வக்கீல் கேட்பார், முழுப் பழியும் மறுபடி மாதேசன் தலையிலேயே விழும். கிளீனர் ஏன் அங்கே இல்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது.

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, ஆபீஸைக் காப்பாற்றுவது தன் கடமை என்று நினைத்தவர். ஒரே விபத்துக்கு ஒரே ஆபீஸிலிருந்து இரண்டு ரிப்போர்ட் போனால் சிரிப்பார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பதினோரு வருஷமாக நீ எழுதியதெல்லாம் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து எழுதியதுதானே, அதையெல்லாம் திறக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இரண்டு நாள் யோசித்துவிட்டு வா என்றார்.

இரண்டு நாள் யோசித்தால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். யோசிக்க நேரம் கிடைத்தால் பயத்துக்கு நல்ல நல்ல காரணங்கள் கிடைத்துவிடும். என் மேஜைக்குப் போய் அப்போதே எழுதினேன். முதல் ரிப்போர்ட்டில் தெரிகிறார் என்று எழுதியது நான் உட்கார்ந்த இடத்திலிருந்து. டிரைவர் இடத்திலிருந்து சைக்கிள்காரர் தெரிய வழியில்லை. கிளீனர் உட்கார வேண்டிய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவர் யார் என்று கோர்ட் கேட்டால் சொல்வேன். இடப்பக்கம் பார்க்க ஆள் இல்லாமல் திருப்பியது டிரைவரின் தவறு. திருப்பும் முன் வலப்பக்கம் ஒதுங்கச் சொல்லிக்கொடுத்தவன் நான், அது பின்னால் வருகிறவரை ஏமாற்றும் என்பதைச் சொல்லிக்கொடுக்காததும் நான்தான். இவ்வளவையும் எழுதி அனுப்பிவிட்டு, தலைமை ஆசிரியரிடம் போய், உங்கள் பெயரை எழுதவில்லை, ஆனால் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

விசாரணை நாளில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் இரண்டு ரிப்போர்ட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, இதில் எது பொய் என்று கேட்டார். இரண்டும் பொய்யில்லை, முதலாவது நான் உட்கார்ந்த இடத்தைப் பற்றியது, இரண்டாவது அவர் உட்கார்ந்த இடத்தைப் பற்றியது என்றேன். அப்படியானால் விபத்து நடந்தபோது ஓட்டியது யார், நீங்களா அவரா என்று கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இதுவரை எத்தனை லாரிகளில் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதியிருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

“இந்த ஒரு லாரிதான், சார்” என்றேன்.

கிளீனர் இடத்தில் இருந்தது யார் என்று அவர் அடுத்துக் கேட்பதற்குள், பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். கறுப்புக் கோட்டுதான். நான்தான் இருந்தேன், சைக்கிளில் வந்தவரைப் பார்த்தேன், சொல்லவில்லை என்று தலைமை ஆசிரியர் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாதேசனுக்கு ஜெயில் இல்லை. இடப்பக்கம் பார்க்க ஆள் இல்லாமல் திருப்பியதற்கு அபராதம், லைசென்ஸைத் திருப்பித் தரும் முன் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. முதலாளிக்கும் தண்டனை உண்டு. எனக்கு வர வேண்டிய பிரமோஷன் வேறொருவருக்குப் போனது, அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். சென்னப்பாவுக்கு என் இரண்டாவது ரிப்போர்ட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குக் கால் வேண்டியிருந்தது, நான் கொடுத்தது காகிதம். இந்த வேலையில் நீங்கள் எவ்வளவு சரியாக எழுதினாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எழுதப்போகிறீர்கள். அதனால்தான் லைசென்ஸ் கொடுக்கும் முன் செய்கிற சோதனையைச் சடங்காகச் செய்யாதீர்கள் என்கிறேன்.

வெளியே வராந்தாவில் மாதேசனிடம், தப்பித்தாய் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“தெரியாத பக்கம்னு தெரிஞ்சேதானுங்க திருப்புனேன்” என்றார். “வாத்தியாருகிட்ட, கொஞ்சம் எட்டிப் பாருங்கன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரலீங்க. அவ்வளவுதானுங்க நடந்தது.”

முதலாளி அவரை மறுபடி லாரியில் ஏற்றவில்லை. நாலைந்து மண்டிகள் ஏறி இறங்கினார். எங்கே போனாலும் சம்பளம் பேசும் முன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம், முன் சீட்டில் கிளீனரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று. இரண்டு இடத்தில் சிரித்து அனுப்பினார்கள். ஒரு இடத்தில், முதலாளியே வந்தாலுமா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றாராம், அந்த வேலையும் போனது. கடைசியில் ஒரு மண்டிக்காரர் சரி, முதலில் லைசென்ஸை வாங்கி வா என்று, ஓட்டிக் காட்டுவதற்குத் தன் லாரியைக் கொடுத்தார். கிளீனராக அந்தப் பழைய ஆளையே கூட்டிவந்திருந்தார் மாதேசன்.

சோதிக்க வேண்டியவன் நான்தான். லாரி பாரத்தோடு ஆபீஸ் வாசலில் நின்றது. விபத்து நடந்த அதே முனையில் திருப்பிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். இத்தனை நடந்த பிறகும், பாருங்கள், பழக்கம் என்பது எவ்வளவு கேவலமான எஜமான். படிவத்தை எடுத்துக்கொண்டு போய் நேராக இடப்பக்கக் கதவைத் திறந்து, காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டேன்.

“ஏனுங்க, அது கிளீனர் எடமுங்க.”

மாதேசன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. அவருடைய லைசென்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் அது இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கும். அது அவருக்குத் தெரியும். கிளீனர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் சிப்பந்திகள் இரண்டு பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். கிளீனர் தலையை நிமிர்த்தி மேலே மூட்டைகளைப் பார்த்தார்.

ஏறினேன். கிளீனர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். காக்கி உடுப்பும் தொப்பியுமாக ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் கடலை மூட்டை மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதை மைசூரில் அன்றுதான் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து ஒருவர், ஸ்வாமி, என்ன ரேட் என்று கேட்டார். முனை வந்தது. லாரி கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கியது. பின்னாலிருந்து தலையில் கூடையோடு ஒரு பெண் இடப்பக்கம் நுழைந்து வந்தது எனக்கு மேலிருந்து தெரிந்தது. மாதேசனுக்குத் தெரிந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். கத்தலாமா என்று வாயைத் திறப்பதற்குள் கீழே கதவில் ஒரு தட்டு விழுந்தது. லாரி பாதித் திருப்பத்தில் அப்படியே நின்றது. நான் உருண்டு கயிற்றில் தொங்கிப் பிழைத்தேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கூடையைப் பிடித்துக்கொண்டு கடந்து போனாள். இரண்டு தட்டு விழுந்தது, லாரி மெதுவாகத் திரும்பி முடித்தது.

மண்டி போய்ச் சேரும்வரை நான் இறங்கவில்லை. மூட்டை மேலேயே படிவத்தை முழங்காலில் வைத்துத் தேர்ச்சி என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.